நான்கு சதவீதம்

ஹமர்ஃபெஸ்ட், நவம்பர் கடைசி.
காலை பத்து மணிக்கும் தெருவிளக்கு எரிகிறது.
சூரியன் நீண்ட விடுப்பில், ஜனவரியில்தான் வரும்.
நீதிமன்றத்துக்குப் புது மடிக்கணினிகள் வந்த வாரம்.
மெலிசு. தூக்கினால் தூக்கியதே தெரியாது.
விலாவோரம் இரண்டே இரண்டு துளைகள்,
பொத்தான் காஜா அளவில்,
ஒன்றைப் போலவே மற்றொன்று.

குறை சொல்ல எனக்கு வாயில்லை.
வேண்டும் வேண்டும் என்று எழுதிப் போட்ட எழுத்தர் நான்தான்.
என் அலமாரியில் பதினோரு வகை மின்னூட்டிகள்
ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கிடந்தன.
தட்டை முனையை ஒருமுறை குத்தி, நுழையாமல்
திருப்பிக் குத்தி, அதுவும் நுழையாமல்,
முதலில் குத்திய பக்கமே சரியென்று கண்டுபிடித்த
காலைகள் எத்தனை!
இந்தப் புது முனைக்கு மேலும் கிடையாது, கீழும் கிடையாது.
இருட்டிலும் நுழையும்.
இங்கே இருட்டுக்குப் பஞ்சமில்லை.

அன்றைய வழக்கு டீசல்.
படகுத்துறையில் மூன்று இரவு, நானூறு லிட்டர்.
குற்றம் சாட்டப்பட்டவர் ஓட்வார் ஸ்யெல்விக்,
படகு எஞ்சின் பழுது பார்ப்பவர்,
கழுவியும் போகாத கருப்பு விரல்கள்.
கேமரா பதிவு இருபத்திரண்டு நிமிடம்,
காவல்துறை முத்திரை ஒட்டிய
தட்டை முனைப் பென்டிரைவில்.

ஒரு துளையில் திரை.
ஒரு துளையில் மின்சாரம்.
சாட்சியம் என் உள்ளங்கையில்.

மின்சாரத்தை உருவலாம் என்றால்
மூலையில் சிவப்பாக நான்கு சதவீதம்.
இரவு முழுக்கச் சொருகித்தான் வைத்திருந்தேன்.
ஆனால் அது என் மகளின் படிப்பு விளக்குக் கம்பி.
அதே முனை, அதே தடிமன், அதே வெள்ளை,
சொட்டுச் சொட்டாகத்தான் விடும்.
எது ஆறு, எது வாய்க்கால் என்று
எந்தக் கம்பியின் நெற்றியிலும் எழுதவில்லை.
உருவினாலும் என்ன,
அந்தத் தட்டை முனை இந்தக் காஜாவில் நுழையாது.

அடுத்த அறையின் கணினியைக் கேட்டேன்.
அதில் ஒரு துளை ஏற்கெனவே ஆடிப்போயிற்றாம்.
யாரோ முழங்கையால் இடித்தார்களாம்.
ஏழு வாசல் இருந்த காலத்தில் ஒன்று அடைந்தால்
அது ஒரு வாசல்.
இப்போது பாதி வீடு.

பழைய திரைக்கம்பி நினைவுக்கு வந்தது.
நீலத் தலை, இரண்டு பக்கமும் இரண்டு திருகு.
இறுக்கிவிட்டால் தீர்ப்பு வரை அசையாது.
அசிங்கம்தான். ஆனாலும்.

நீதிபதி குன்வோர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
அரசு வழக்கறிஞர் என்னைப் பார்த்தார்.
நான் துளைகளைப் பார்த்தேன்.

'இதைப் போட்டுப் பாருங்கள்' என்றார் ஓட்வார்.
மேலங்கிப் பையிலிருந்து ஒரு கிளைப்பெட்டி.
உப்புப் படிந்தது, இன்சுலேஷன் டேப் சுற்றியது.
ஒருபக்கம் புது முனை.
மறுபக்கம் பழைய உலகம் மொத்தமும்,
ஒன்பது ஊசிக்காரன் உட்பட.
'எல்லா எஞ்சினும் புதுசில்லையே' என்றார், சமாதானம் போல.
அவருடைய வக்கீல் அவர் முழங்கையைப் பிடித்தார்.
பிடிப்பதற்குள் பெட்டி என் மேசைக்கு வந்துவிட்டது.

நீதிபதி சற்று யோசித்தார்.
'குறிப்பில் எழுதுங்கள்' என்றார்.
என்னவென்று எழுத?
தனக்கெதிரான பதிவு ஓட
எதிரியே கருவி கொடுத்தார் என்றா?
'சிறு தாமதம், தொழில்நுட்பக் காரணம்'
என்று எழுதினேன்.

ஓடியது.
மழை. தொப்பி போட்ட ஒரு முதுகு.
ஒரு குழாய் படகிலிருந்து படகுக்கு.
முகம் ஒருமுறை திரும்பியது,
திரும்பிய இடத்தில் சாம்பல் கட்டங்கள்.
ஓட்வார் தன் பெட்டியின் பச்சை விளக்கையே
பார்த்துக்கொண்டிருந்தார்,
சூடாகிறதோ என்கிற கவலையில்.

தீர்ப்பு வியாழக்கிழமை என்றார்கள்.
எல்லோரும் கலைந்தபின்
வாசலில் கையுறையோடு காத்து நின்றார்.
'அந்தப் பெட்டி...' என்றார்.
மேசையில் தேடினேன், தரையில் தேடினேன்.
எழுத்தர் அங்கியின் வலது பையில் கிடந்தது,
இன்னும் இளஞ்சூடாக.